கொட்டுக்காளிக்கு இரண்டு மதிப்பெண்தானா?

கல்லணை எழுதியது:

சென்ற இரண்டு வாரங்களில் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்த மூன்று தமிழ்ப் படங்களைப் பற்றிய என் கருத்தையும், ஐந்துக்கு நான் அளிக்கும் மதிப்பெண்ணையும் இங்கே பதிகிறேன். மூன்றும் 2024இல் வெளிவந்தவை. கதையின் போக்கைத் தொட்டுப் பேசியிருப்பதால், படங்களைப் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெய்யழகன்: 4. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு தங்கை முறையாகும் பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே "அத்தான்" என்று உரிமையோடு ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரரின் பெயர் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தச் சங்கடத்தை அரவிந்த்சாமி படம் முழுவதும் முகத்தில் சுமந்து திரிகிறார். மணமேடையில் பரிசுப் பெட்டியைத் திறந்து, அண்ணனையே நகைகளை அணிவிக்கச் சொல்லும் தங்கையைப் பார்த்தபோது என் கண்கள் கலங்கிவிட்டன. பிற்பாதியில் பேச்சு மிகுந்துவிட்டதால் ஒன்றைக் குறைத்தேன்.

வாழை: 3.5. வாழைத்தார் சுமக்கும் சிறுவர்கள் இருவரும் மனத்தில் நிற்கிறார்கள். இசை சில இடங்களில் நம்மை அழச்சொல்லி வற்புறுத்துகிறது.

கொட்டுக்காளி: 2. மதுரைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, உறவினர்கள் அவளை ஆட்டோவில் சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறார்கள். சூரியின் நடிப்பு சிறப்பானது. ஆனால் பின்னணி இசை அறவே இல்லை, நீண்ட நேரம் எதுவும் நிகழ்வதில்லை, முடிவும் சொல்லப்படவில்லை.

வைகை மேற்கு எழுதியது:

நண்பரே, உங்கள் மெய்யழகன் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. கொட்டுக்காளிக்கு நீங்கள் அளித்த இரண்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் படத்தை எந்த நேரத்தில், எந்தச் சூழலில் பார்த்தீர்கள், ஒரே அமர்வில் பார்த்தீர்களா என்பதைத் தயவுசெய்து சொல்லுங்கள். பின்னணி இசை இல்லாத படத்தில் ஆட்டோவின் இரைச்சலும், காலில் கயிறு கட்டப்பட்ட சேவலின் சிறகடிப்பும், காற்றும், மனிதர்களின் மூச்சும்தான் இசையின் இடத்தில் இருக்கின்றன. அவை காதில் விழாத வீட்டில் அந்தப் படத்தின் பாதி ஓடவேயில்லை என்றுதான் நான் சொல்வேன்.

கல்லணை எழுதியது:

மறைக்க ஒன்றுமில்லை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். கூடத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, அடுக்களையில் குக்கர் இரண்டு முறை விசிலடித்தது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒருமுறை எழுந்தேன், மீதியை மறுநாள் பார்த்தேன். எங்களைப் போன்ற குடும்பங்களில் படம் பார்ப்பது இப்படித்தான். இதே கூடத்தில், இதே குக்கர் சத்தத்தோடுதான் மெய்யழகனையும் பார்த்தேன்; அது என்னைப் பிடித்து உட்கார வைத்தது. வீட்டுக்கு வந்த படம் வீட்டிலும் நின்றாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா?

வைகை மேற்கு எழுதியது:

தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் மெய்யழகன் பேச்சால் நடக்கும் படம். அடுக்களையிலிருந்தபடியே காதால் பின்தொடரலாம். கொட்டுக்காளியில் பேய் பிடித்ததாக நம்பப்படும் அந்தப் பெண், மீனா, பெரும்பாலும் வாய் திறப்பதேயில்லை, அவளுடைய மௌனத்தை மற்றவர்களால் பொறுக்க முடியாததுதான் கதை. தொண்டையில் சுண்ணாம்பு பூசிய, சூரி ஏற்று நடித்த பாண்டிக்குக் குரல் கட்டிப்போயிருக்கிறது. பேச மறுக்கும் பெண்ணையும், பேச முடியாமலே அதட்டும் ஆணையும் ஒரே ஊர்வலத்தில் வைத்த இயக்குநர் வினோத்ராஜ், நம் செவியை நம்பித்தான் படத்தைக் கட்டியிருக்கிறார்.

"எதுவும் நிகழ்வதில்லை" என்ற உங்கள் சொல்லுக்கும் ஒரு பதில் உண்டு. சாலையை மறித்து நிற்கும் காளையை அணுக முடியாமல் அத்தனை ஆண்களும் தயங்கி நிற்கிறார்கள். ஒரு சிறுமி வந்து, தன் வீட்டு மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டிச் செல்கிறாள். அந்த நேரத்தில் நீங்கள் கணக்குப் பாடத்தில் இருந்திருக்கலாம் என்று உண்மையான வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

தாமிரபரணி எழுதியது:

இருவருக்கும் வணக்கம். ஒரே அமர்வில், இருட்டில், அமைதியில் பார்த்தால்தான் மதிப்பெண் செல்லும் என்ற வைகை ஐயாவின் கருத்தை நான் மறுக்கிறேன். நான் ஸ்ரீவைகுண்டம் பகுதியைச் சேர்ந்தவள். என் தாயார் வாழைத்தார் சுமந்தவர். சும்மாட்டை மீறித் தார் அழுத்தியதில் அவர் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். வாழைக் கறை பட்ட சேலையை வேறு வேலைக்குக் கட்டவே முடியாது, எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் அது போகாது. வாழை படத்தை நாங்கள் இருவரும் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். நான்கு முறை நிறுத்தினோம். ஒருமுறை என் தாயார் எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டு வந்தார். திரையரங்கில் இருந்திருந்தால் பாதியில் வெளியேறியிருப்போம். நிறுத்த முடிந்ததனால்தான் எங்களால் கடைசிவரை பார்க்க முடிந்தது. என் மதிப்பெண் 4.5.

கல்லணை அவர்களே, இசை அழச்சொல்லி வற்புறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடங்களில் என் தாயாருக்கு இசை கேட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. இசை கூடுதலாக இருந்தது என்று வாழைக்கும், இசையே இல்லை என்று கொட்டுக்காளிக்கும் ஒருவரே மதிப்பெண் குறைத்திருப்பது எனக்கு விளங்கவில்லை. 2024 ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் திரைக்கு வந்த படங்கள் இவை.

கல்லணை எழுதியது:

அம்மா, உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு வாழைக்கு நான் அளித்த எண்ணைப் பற்றிப் பேசவே தயக்கமாக இருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவருக்குப் படம் தருவது வேறு, அதை அறியாத எனக்குத் தருவது வேறு. நான் எழுதும் எண் எனக்குத் தந்ததைப் பற்றியது மட்டுமே. மற்றபடி நீங்கள் காட்டிய முரணை ஒப்புக்கொள்கிறேன். அது நியாயமான கேள்வி.

வைகை அவர்கள் சொன்னதற்காக நேற்று இரவு பதினொரு மணிக்கு மேல், ஹெட்போன் மாட்டிக்கொண்டு கொட்டுக்காளியை முதலிலிருந்து பார்த்தேன். சேவல் இழுபடும் ஒலி ஆட்டோவின் சத்தத்துக்கு அடியில் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டேயிருந்தது. தொலைக்காட்சியில் அது எனக்குக் கேட்கவேயில்லை. காளைக் காட்சியையும் இப்போதுதான் உண்மையில் பார்த்தேன். மதிப்பெண்ணை 3 ஆக மாற்றுகிறேன். இனி எழுதும்போது எப்படிப் பார்த்தேன் என்பதையும் ஒரு வரி சேர்ப்பேன். ஆனால் அந்த முடிவு எனக்கு இன்னும் கடன் பாக்கிபோலவே தோன்றுகிறது. அவ்வளவு தூரம் நம்மை உடன் அழைத்துச் சென்ற இயக்குநர், வாசலில் விட்டுவிட்டுப் போனது ஏன்?

வைகை மேற்கு எழுதியது:

மீண்டும் பார்த்ததற்கு மனமார்ந்த நன்றி. அம்மா சொன்னதையும் ஏற்கிறேன். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் கவனமாகப் பார்ப்பதுதான், நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன்.

முடிவைப் பற்றி நான் இறங்கிவர மாட்டேன். மீனாவின் முறைக்காகக் காத்திருக்கும் பாண்டி, தனக்கு முன்னால் வேறொரு பெண்ணுக்குச் சாமியாடி செய்வதைப் பார்க்கிறான். படத்தின் தொடக்கத்திலிருந்து அவன் யாரையும் இப்படி நின்று பார்த்ததில்லை, கத்தியும் அடித்தும் மட்டுமே வந்திருக்கிறான். அவன் திருந்தி அவளைத் திரும்ப அழைத்துச் சென்றான் என்று காட்டியிருந்தால், மீனாவின் விடுதலை மறுபடியும் அவன் தயவாகிவிட்டிருக்கும். உள்ளே தள்ளினான் என்று காட்டியிருந்தால், நாமெல்லாம் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம். என் மதிப்பெண் 4.5. பகலில், கைப்பேசியில், ஹெட்போனோடு, ஒருமுறை தேநீருக்கு நிறுத்திப் பார்த்தது.