வேளச்சேரி தண்ணீருக்குப் பிறகு அடியில் 'டக்' சத்தம்

வேளச்சேரிவாசி:
1999 மாடல் டீசல் ஃபோர் வீல் டிரைவ். அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. போன மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டி வந்தேன். அதிலிருந்து கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்கிறது. ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும், சாதாரண வேக நிலை) யூ-டர்ன் அடித்தால் ஸ்டீயரிங் இறுகுகிறது. கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கத்தான் வேண்டுமா?

பழைய இரும்பு:
அவசரப்படாதீர்கள் தம்பி. இறுகுவது பழுதே இல்லை. இந்த மாதிரி வண்டிகளில், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரம் அதிக தூரம் போகும், பின்சக்கரம் குறைவாக. மணலில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் முடியாது. அங்கே டூ வீல் டிரைவிலேயே ஓட்டுங்கள். டூ வீல், ஃபோர் வீல் மாற்றும் லிவர் சிக்கினால் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், விடும்.

'டக்' சத்தத்துக்கு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் புரொப்பெல்லர் ஷாஃப்டை (அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டு) கையால் முறுக்கிப் பாருங்கள். அதன் முனையில் இருக்கும் ஜாயின்ட் கிராஸ் ஆடினால் சத்தத்துக்குக் காரணம் அதுதான். கிரீஸ் கழுவிப் போயிருக்கும்.

தாம்பரம் டீசல்:
கிரௌன் ஆயிலை (அச்சு நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டியின் ஆயில்) இன்றே பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். சூடான அந்தப் பெட்டி தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் (காற்று போய்வரும் சின்னத் துவாரம்) அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். என் வண்டியில் தண்ணீர் கலந்து ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. நான் இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தேன், பேரிங் போய்விட்டது.

வேளச்சேரிவாசி:
பின் ஜாயின்ட் நன்றாகவே ஆடுகிறது அண்ணா. பின் கிரௌன் ஆயிலும் பால் காபிதான். நாளைக்கு இரண்டையும் மாற்றுகிறேன், பிரீதரோடு.