ஒரு ஃபிரிட்ஜும் ஓர் எலுமிச்சைத் தோப்பும்: பாலஸ்தீன–இஸ்ரேல் படங்கள், பார்த்தவர்களின் பகிர்வு

இழையைத் தொடங்கியவர்:

பாலஸ்தீன–இஸ்ரேல் மோதலுக்குள் மாட்டிக்கொண்ட சாதாரண மக்களைக் காட்டும் படங்களைப் பார்த்தவர்களும், சங்கங்களில் திரையிட்டவர்களும் இங்கே எழுதலாம். தலைவர்கள், பேச்சுவார்த்தைகள் பற்றியவை இந்த இழைக்கு வேண்டாம். ‘மனதை உலுக்கிவிட்டது’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்தக் காட்சி, அதற்குள் எந்த விதி ஓடுகிறது, அது தெரியாமல் பார்த்தால் என்ன தவறிப்போகும் என்று எழுதினால் அடுத்துப் பார்ப்பவருக்கு உதவும்.

நான் ‘தி பிரசன்ட்’ படத்திலிருந்து தொடங்குகிறேன். ஃபரா நபுல்சி இயக்கியது, 2020. ஓட்டம் 24 நிமிடம் சொச்சம். பாஃப்டா விருது வாங்கியது, ஆஸ்கர் பரிந்துரையிலும் இருந்தது. கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கித் தர யூசுஃப் தன் சின்ன மகள் யாஸ்மினைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும், கதை அவ்வளவுதான். தொடக்கத்தில் வரும் நெரிசல், இஸ்ரேல் ராணுவக் கட்டுப்பாட்டில் உள்ள மேற்குக் கரையில், பெத்லஹேமில் இருக்கும் ‘செக்பாயிண்ட் 300’ சோதனைச் சாவடி. அது செட் அல்ல. விடியுமுன் வேலைக்குப் போகும் நிஜத் தொழிலாளர்களுக்கு நடுவே நடிகர் சலேஹ் பக்ரியை நிறுத்தி எடுத்தது.

படத்தில் யூசுஃபின் முதுகைக் கவனியுங்கள். முதல் காட்சிகளிலேயே வலி மாத்திரை போடுகிறான். கடைசியில் ஃபிரிட்ஜ் நடைபாதைக் கதவுக்குள் நுழைய மறுக்கும்போது, அந்த முதுகும் கூட இருக்கிறது என்பது நினைவில் இருந்தால்தான் அவன் கத்துவதன் கனம் தெரியும். வாகனங்கள் போகும் சாலை பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. ஃபிரிட்ஜை அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு போனால் முடிந்தது. ஆனால் நடந்து வருபவன் நடப்பவருக்கான வழியில்தான் போக வேண்டும் என்பது விதி. பார்வையாளர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள் கெட்டவர்களா நல்லவர்களா என்ற பேச்சில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கதவின் அகலம்தான் படத்தின் மையம்.

மாவட்டத் திரைப்படச் சங்கத்தில் திரையிடலைக் கவனித்துக்கொள்பவர்:

முழுக்க ஒத்துப்போகிறேன், நண்பரே. இந்தப் படங்களில் பாதி நாடகம் அட்டையிலும் தேதியிலும் நம்பர் பிளேட்டிலும் நடக்கிறது. அதனால் படம் போடுமுன் நீண்ட வரலாற்று உரை வைப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அரை மணி நேரம் 1948 போர், 1967 போர் என்று பேசினால் கூட்டம் களைத்துவிடும், படத்துக்குத் தேவையான விஷயமும் அதில் வராது. ஐந்து நிமிடத்துக்குள் இதைச் சொன்னால் போதும்:

மேற்குக் கரையில் வசிக்கும் பாலஸ்தீனருக்குப் பச்சை உறையிட்ட அடையாள அட்டை. இஸ்ரேல் குடிமக்களுக்கும் கிழக்கு ஜெருசலேம்வாசிகளுக்கும் நீலம். பச்சை அட்டைக்காரர் இஸ்ரேலுக்குள்ளோ ஜெருசலேமுக்குள்ளோ போக வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். வண்டிகளில் மஞ்சள் நம்பர் பிளேட் இஸ்ரேலுடையது. வெள்ளையில் பச்சை எழுத்து பாலஸ்தீனருடையது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட 1995 ஆஸ்லோ ஒப்பந்தப்படி மேற்குக் கரை ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளானது. சி பகுதி மட்டும் சுமார் 60 சதவீதம். அங்கே வீடு கட்ட இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், பாலஸ்தீனருக்கு அது கிடைப்பது மிக அரிது. மேற்குக் கரையை இஸ்ரேலிலிருந்து பிரிக்கும் தடுப்புச் சுவரின் கட்டுமானம் 2002-இல் தொடங்கியது. பெரும்பகுதி வேலி. நகரங்களை ஒட்டிய இடங்களில் எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட்.

இது தெரிந்த பிறகு ‘200 மீட்டர்ஸ்’ பாருங்கள் (அமீன் நாய்ஃபே, 2020). முஸ்தஃபாவின் வீடு சுவருக்கு இந்தப் பக்கம், மனைவியும் பிள்ளைகளும் அந்தப் பக்கம். இடையில் 200 மீட்டர். இரவில் விளக்கை அணைத்து ஏற்றி ஒருவருக்கொருவர் ‘குட் நைட்’ சொல்லிக்கொள்கிறார்கள். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நேரத்தில் ஆவணத்தின் காலம் முடிந்துவிட்டது என்று சாவடியில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 200 மீட்டரைக் கடக்க ஆள் கடத்தும் வேனில் ஊரெல்லாம் சுற்ற வேண்டியதாகிறது. ‘மனைவிக்கு நீல அட்டை இருக்கிறதே, இவனும் வாங்கிக்கொள்ளக் கூடாதா?’ என்ற கேள்வி கூட்டத்திலிருந்து கட்டாயம் வரும். அவன் வேண்டாம் என்கிறான், குடும்பத்துக்குள் இருக்கும் சண்டையே அதுதான். அந்தப் பிடிவாதத்தை இயக்குநர் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. முஸ்தஃபாவாக நடிக்கும் அலி சுலைமான் அதை முகத்திலேயே வைத்துக்கொண்டு நடக்கிறார்.

‘நோ அதர் லேண்ட்’ (2024) ஆவணப்படத்துக்கும் இதே ஐந்து நிமிட விளக்கம் போதும். 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. மேற்குக் கரையில், ஹெப்ரான் மலைகளின் தென்பகுதியில் உள்ள மசாஃபர் யத்தா கிராமங்கள். 1980-களில் அந்த நிலத்தை ராணுவம் ‘துப்பாக்கிப் பயிற்சிப் பகுதி 918’ என்று அறிவித்தது. 2022 மே மாதம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு வழிவிட்டது. படத்தை எடுத்தவர்களில் பாலஸ்தீனரான பாஸெல் அத்ராவும் இஸ்ரேலியரான யுவல் ஆப்ரஹாமும் நண்பர்கள், ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். யுவல் இரவில் மஞ்சள் பிளேட் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பாஸெலால் முடியாது. பிளேட்டின் நிறம் தெரியாதவருக்கு அவர்கள் புகைத்துக்கொண்டு பேசும் காட்சிகள் வெறும் இடைவேளையாகத் தோன்றும். கிணற்றுக்குள் சிமெண்ட் கலவையை ஊற்றும் காட்சியையும், ஒரு ஜெனரேட்டரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட கிராமத்து இளைஞர் ஹாரூன் அபு அராம் சுடப்படும் காட்சியையும் முன்னறிவிப்பு இல்லாமல் போடாதீர்கள். அது நிஜம். கழுத்துக்குக் கீழே செயலிழந்த அவர் குகையில் தாயின் பராமரிப்பில் கிடந்து 2023-இல் இறந்துபோனார்.

எரான் ரிக்லிஸ் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்:

ஆவணப்படத்தின் பக்கம் பேச்சு போனதால் ரிக்லிஸ் இயக்கிய ‘லெமன் ட்ரீ’ (2008) பற்றி விரிவாக எழுதுகிறேன். கதைப்படங்களில் இதைவிடத் தெளிவாக ஒரு சட்ட வழக்கைக் காட்டிய படம் எனக்குத் தெரியவில்லை.

சல்மா விதவை. மேற்குக் கரையின் எல்லையை ஒட்டி, அப்பா விட்டுப்போன எலுமிச்சைத் தோப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் குடிவருகிறார். மரங்களுக்குள் ஆள் மறைந்து வரலாம் என்று பாதுகாப்புத் துறை தோப்பை வெட்டச் சொல்கிறது. நஷ்டஈடு தருவதாகக் கடிதம் வருகிறது. கடிதம் ஹீப்ருவில் இருப்பதால் அவளால் படிக்க முடியாது, ஊர்ப் பெரியவரிடம் கொண்டுபோகிறாள். படித்துச் சொன்ன கையோடு, அவர்களிடம் நாம் நஷ்டஈடு வாங்குவதில்லை என்றும் அவரே முடிவுசெய்துவிடுகிறார். அவளை யாரும் கேட்கவில்லை. ஒரு பக்கம் ராணுவ உத்தரவு, இன்னொரு பக்கம் ஊர்க் கட்டுப்பாடு. இளம் வக்கீலோடு அவள் நெருங்கினால் அதற்கும் ஊர் வாசலில் வந்து நிற்கிறது. சல்மாவாக ஹியாம் அப்பாஸ் பெரும்பாலும் பேசாமலே நடிக்கிறார்.

பின்னணியில் நடப்பதையும் பாருங்கள். காவல் கோபுரத்தில் நிற்கும் சிப்பாய்ப் பையன் காதில் மாட்டிக்கொண்டு நுழைவுத் தேர்வுக்கான தர்க்கக் கேள்விகளை ஒலிப்பதிவில் கேட்டுக்கொண்டிருக்கிறான். தோப்பைக் காவல் காப்பவனுக்கும் அந்தத் தோப்பின் மேல் விரோதமில்லை, அவன் கவலை கல்லூரி இடம். அமைச்சரின் மனைவி மீரா வேலியோரம் நின்று சல்மாவைப் பார்க்கிறாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. இரண்டு பெண்களுக்கிடையே நட்பு மலர்ந்துவிட்டதாகக் காட்டாமல் விட்டது படத்தின் நேர்மை.

இனி முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். உச்ச நீதிமன்றம் மரங்களை வேரோடு பிடுங்க வேண்டாம், பாதி மரங்களை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டினால் போதும் என்கிறது. கேட்க இது நடுநிலைத் தீர்ப்புப் போலிருக்கும். தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவாக வெட்டிய எலுமிச்சையில் துளிர் வரலாம், ஆனால் காய்க்கச் சில ஆண்டுகளாகும். அதை விற்றுச் சாப்பிடும் விதவைக்கு அந்த ஆண்டுகளில் வருமானம் எங்கிருந்து வரும்? சட்டப்படி அவளுக்குப் பாதி வெற்றி. நடுவே தடுப்புச் சுவர் எழும்பிவிட்டதால் அமைச்சருக்கும் தோப்பு தெரியாது, சுவர்தான் தெரியும்.

அதே இயக்குநரும் அதே எழுத்தாளர் சுஹா அராஃபும் சேர்ந்து செய்த ‘தி சிரியன் பிரைட்’ (2004) இன்னும் நுணுக்கமானது. இது பாலஸ்தீனம் அல்ல, 1967-இல் சிரியாவிடமிருந்து இஸ்ரேல் கைப்பற்றிய கோலன் குன்றுகளில் உள்ள மஜ்தல் ஷம்ஸ் ஊர், அங்கே வாழும் துரூஸ் என்ற சிறுபான்மைச் சமயத்து மக்கள். மணப்பெண் மோனா எல்லை தாண்டி சிரியாவுக்குப் போனால் திரும்பி வர முடியாது. அவளிடம் இருக்கும் பயண ஆவணத்தில் தேசியம் ‘வரையறுக்கப்படாதது’. இஸ்ரேல் அதிகாரி வெளியேறும் முத்திரை குத்துகிறார். சிரிய அதிகாரி, கோலன் எங்கள் நிலம், இங்கிருந்து வருபவளுக்கு வெளிநாட்டு முத்திரை எதற்கு என்று மறுக்கிறார். செஞ்சிலுவைப் பெண் இரண்டு வாயிலுக்கும் இடையே வெயிலில் நடையாய் நடக்கிறாள். ஒருவழியாக முத்திரையை வைட்னர் தடவி அழிக்கிறார்கள். அதற்குள் அந்தப் பக்கம் ஷிஃப்ட் மாறி வேறு அதிகாரி உட்கார்ந்துவிடுகிறார். கல்யாண உடையில் பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்க, இரண்டு அரசுகளின் இறையாண்மை ஒரு வைட்னர் பாட்டிலில் வந்து நிற்கிறது.

வசன வரி எழுதுபவர்:

மேலே மொழி பற்றி வந்ததால் இதைச் சொல்ல வேண்டும். இந்தப் படங்களுக்குத் தமிழில் வசன வரி (சப்டைட்டில்) போடும்போது பெரும்பாலும் கெட்டுப்போவது, எந்த வரி அரபி, எந்த வரி ஹீப்ரு என்பது தெரியாமல் போவதுதான். ஒரே வெள்ளை எழுத்தில் இரண்டும் ஓடினால், சாவடியில் சிப்பாய் ஹீப்ருவில் கேட்க, அந்த மனிதர் பதிலுக்கு உடைந்த ஹீப்ருவில் பேசுவது, பக்கத்தில் குழந்தையிடம் அரபியில் கிசுகிசுப்பது எல்லாம் ஒரே உரையாடலாகிவிடும். ஹீப்ரு வரிகளைச் சாய்வெழுத்தில் போடுங்கள். நிறம் மாற்றுவது இன்னும் தெளிவு, ஆனால் சில டிவிகள் நிறக் குறியைக் கண்டுகொள்ளாது.

வரிக்கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் எழுத்துகள் குழம்பி வரலாம். யுடிஎஃப்-8 ஆனாலும் பென் டிரைவில் போட்டு நேராக டிவியில் ஓட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கலாம். தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி அந்தக் கருவியில் இல்லாததே காரணம். எந்த எழுத்துரு மாற்றினாலும் சரியாகாது. ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் வரிகளைப் படத்தோடு பதித்துவிடுவது நிச்சயமான வழி.

இன்னொன்று, வரி தள்ளிப்போவது. ஐரோப்பிய டிவிடிப் பிரதிகள் நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்). மற்றவை பெரும்பாலும் 23.976. ஒன்றின் வரிக்கோப்பை மற்றதில் மாட்டினால் 90 நிமிடப் படத்தின் முடிவில் நாலு நிமிடம் அளவுக்கு விலகிவிடும். விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அவை எல்லா வரிகளையும் ஒரே அளவு நகர்த்தும், விலகல் வளர்ந்துகொண்டே போவதைத் தடுக்காது. ‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றிச் சேமித்தால் தீரும். முதல் வசனம், கடைசி வசனம் இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே கூட்டத்துக்கு முன் போடுங்கள்.

‘ஒமர்’ பற்றி எழுத வந்தவர்:

ஹானி அபு அஸ்ஸாத், 2013. ரொட்டி சுடும் இளைஞன். காதலியைப் பார்க்கக் கயிற்றைப் பிடித்துச் சுவரேறுகிறான். தொடக்கத்தில் அவன் ஏறும் லாவகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதே சுவரடியில் கை வராமல் அழுகிறான், முகம் தெரியாத ஒரு பெரியவர் வந்து தூக்கிவிடுகிறார். இடையில் என்ன நடந்தது என்பதுதான் படம்: சிறையில் ‘நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்’ என்று சொன்னதையே வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு இஸ்ரேலுக்கு உளவு சொல்லப் பணிய வைக்கிறார்கள். அதன் பிறகு நண்பர்கள் யாரும் யாரையும் நம்ப முடியாது.

இஸ்ரேல் பக்கத்துக் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்க்க ‘ஃபாக்ஸ்ட்ராட்’ (சாமுவேல் மாவோஸ், 2017). மகன் இறந்ததாகக் கதவைத் தட்டிச் சொல்கிறது ராணுவம், பிறகு பெயர்க் குழப்பம் என்கிறது. அந்த மகன் நிற்கும் சாவடியில், அவர்கள் தூங்கும் கண்டெய்னர் சேற்றில் சாய்ந்துகொண்டே போகிறது. எவ்வளவு சாய்ந்தது என்று தகர டப்பாவை உருட்டி நொடி எண்ணுகிறார்கள் பையன்கள். பிறகு ஒரு காரிலிருந்து இன்னொரு டப்பா உருண்டு விழுகிறது. இதற்கு மேல் எழுதவில்லை. வெளிவந்தபோது இஸ்ரேல் கலாச்சார அமைச்சரே படத்தைக் கண்டித்தார்.

திரையிடலைக் கவனித்துக்கொள்பவர் (மீண்டும்):

ஒரே மாலையில் இரண்டு போட நினைப்பவர்களுக்கு: ‘தி பிரசன்ட்’ முதலில், பத்து நிமிடம் பேச்சு, பிறகு ‘லெமன் ட்ரீ’. இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். ‘ஃபைவ் ப்ரோக்கன் கேமராஸ்’ (2011) போடுவதென்றால் ஒலி அளவை வசனத்தை வைத்துச் சரிபார்க்காதீர்கள். மேற்குக் கரையின் பில்இன் கிராமத்தில் சுவருக்கு எதிராக நடந்த போராட்டங்களை அவ்வூர்க்காரர் எமாத் புர்னாத் கையில் கேமராவைப் பிடித்து எடுத்த ஆவணப்படம் அது. பேச்சு மெதுவாகவும் கண்ணீர்ப்புகைக் குண்டு காதைப் பிளப்பதாகவும் பதிவாகியிருக்கும். குண்டு வெடிக்கும் காட்சியை ஓட்டி ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக்கு வசன வரி இருக்கிறது. விநியோகஸ்தரிடம் திரையிடல் அனுமதிக்கு எழுதும்போது இருக்கை எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம் உண்டா இல்லையா, தேதி மூன்றையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், கட்டணம் அதை வைத்தே மாறும். ‘பெர்மிட்’, ‘நீல அட்டை’, ‘சி பகுதி’ மூன்றையும் அரைப் பக்கத்தில் அச்சடித்து நுழைவாயிலில் கொடுப்பவர்கள் வரைபடத்தையும் அதிலேயே சேர்த்துவிடலாம், கறுப்பு வெள்ளையில் போதும்.