உருண்டு வந்த பந்து

மூத்த மகள்:
அப்பாவுக்குப் பார்க்கின்சன், அசைவைத் தடுக்கும் மூளை நோய், ஏழு வருஷம். மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினால் பாதி வழியிலேயே நின்றுவிடும். போன வாரம் மாத்திரையின் வேகம் இறங்கியிருந்த நேரம், என் பையன் விட்ட பந்து மேஜையில் உருண்டு விளிம்புக்கு வந்துவிட்டது. அப்பா லபக்கென்று பிடித்தார்! அதன்பிறகு விரல் திறக்கவில்லை. "குடு தாத்தா" என்று இவன் கேட்கிறான், அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை நாள் "கொஞ்சம் முயற்சி பண்ணுங்கப்பா" என்று சொன்னதெல்லாம் நெஞ்சை அறுக்கிறது.

கோடு போட்ட நோட்டு:
எனக்கும் பார்க்கின்சன்தான். வெள்ளைத் தாளில் நாலாவது சொல்லுக்குள் எழுத்து எறும்பாகிவிடும். கோடு போட்ட தாளில், இரண்டு கோட்டையும் தொடும்படி எழுதினால் பழைய கையெழுத்து வருகிறது. கடைசிக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன், மறுபடி எறும்பு.

மருமகன்:
எனக்கு இது ஒப்பவில்லை. பந்தைப் பிடிக்கிறவரால் கண்ணாடியை எடுக்க முடியாதா? மனசு வைக்க வேண்டும். இதே நோய் உள்ள என் மாமா தட்டின் முன்னால் அசையாமல் இருப்பார், நான் சத்தம் போட்டதும் கை நகரும். தினமும் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும், எவ்வளவு நேரமானாலும் நீங்கள் கை வைக்காதீர்கள். மாத்திரை நேரத்தை எழுதி வையுங்கள். பகல் தூக்கம் கூடாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கோடு போட்ட நோட்டு:
மருமகன், மனசு வைக்காமலா இருக்கிறோம்? சத்தம் போட்டதும் நகர்ந்தது என்றால், அங்கே உங்கள் குரல்தான் பந்து. நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால், உள்ளிருந்து அசைவைத் தொடங்கிவைக்கும் பாதை தளர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு முன் ஒன்று நகர்ந்தாலோ கோடு தெரிந்தாலோ, மூளை வேறு பாதையில் கையை ஓட்டுகிறது என்பதுதான் பொதுவான விளக்கம். தரையில் போட்ட குறுக்குக் கோடுகள் நடையைத் திறந்துவிடுவதை நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் 1967லேயே எழுதியிருக்கிறார். சட்டைக்குள் கையை விடும்போது கை கண்ணுக்கு மறைந்ததும் எனக்கு நின்றுவிடுகிறது. விரல்நுனி வெளியே தெரிந்த பிறகுதான் மிச்சக் கையும் வருகிறது.

மூத்த மகள்:
கண்ணாடிக்கூட்டில் சிவப்பு நாடா ஒட்டினேன். "நாடாவைத் தொடுங்கப்பா" என்றேன். இரண்டு தடவை போய்ச் சேர்ந்தது, மூன்றாவது தடவை நின்றுவிட்டது. இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை, கூட்டை மெதுவாக அவர் பக்கம் உருட்டிவிட்டேன்.