புலியைப் பார்க்காதவள் புலியாக மாறலாமா?

இருபதுமுகம்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை ராத்திரிகளில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தை ஆடும் குழு எங்களுடையது. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தி விதிப்படி தீர்ப்புச் சொல்பவன். போன வாரம் நான் சொன்ன ஒரு தீர்ப்பு, மேசையைத் துடைத்துக் கடையை மூடும் வரை வாக்குவாதமாகவே ஓடியது. அதனால் இங்கே வைக்கிறேன்.

நாங்கள் ஆடுவது 2014 விதிப்புத்தகத்தின்படி. கதை நடப்பது கங்காணி காலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தோட்டம் கற்பனைதான். எங்கள் குழுத் தங்கச்சி ஆடுவது முனியம்மா என்ற மருத்துவச்சி. மூன்றாம் லெவல் டிரூயிட், அதாவது விலங்காக உருமாறத் தெரிந்த இயற்கை மந்திரக்காரி; அதில் நிலா வட்டம் என்ற பிரிவைச் சேர்ந்தவள். ஆட்கள் துரத்தியபோது வைல்ட் ஷேப் என்ற உருமாறும் சக்தியைப் போட்டுப் புலியாகிறேன் என்றாள். புலியின் சவால் மதிப்பு, அதாவது அதன் பலத்துக்குப் புத்தகம் தரும் எண், 1; நிலா வட்டத்துக்கு அது சரிதான். ஆனால் முன்பு பார்த்திருக்கும் விலங்காகத்தான் மாறலாம் என்கிறது புத்தகம். முனியம்மா புலியைப் பார்த்ததே இல்லை, அவளுடைய பழைய வாழ்க்கையைச் சொல்லும் பின்கதையில் அப்படித்தான் இருக்கிறது. முடியாது என்றேன். காட்டுப்பன்றியாகித் தப்பித்தாள்.

பால்மரத்துக்கிளி
அந்தத் தங்கச்சி நான்தான். அண்ணே பின்கதையைப் பாதிதான் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன்.

முனியம்மாவுக்கு ஒன்பது வயது. விடியும் முன்னே அம்மாவோடு பால் வெட்டப் போகிறாள். மேட்டு ரப்பர் மர நிரையில், வாய்க்கால் ஓரச் சேற்றில், அவள் உள்ளங்கையைவிடப் பெரிய தடம். அதில் தண்ணீர் இன்னும் ஊறி நிறையவில்லை. அம்மா தோளில் சுமக்கும் காண்டா வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்து விளக்கை ஊதி அணைக்கிறாள். இருட்டில் அந்த வாடை வருகிறது. அப்புறம் ஓர் உறுமல், அவள் நெஞ்செலும்பிலேயே அதிர்கிறது. ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் மணி அடிக்கும் வரை இருவரும் அசையவில்லை.

இதை எழுதிக் கொடுத்தபோது நன்றாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டவர் அண்ணேதான். மிருகக்காட்சி சாலையில் கம்பிக்குப் பின்னால் தூங்கும் புலியை ஒரு நிமிடம் பார்த்தவள் புலியாகலாம், இவள் ஆகக்கூடாதா?

தைப்பிங்மழை
டிஎம் பக்கம்தான் நான். எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் உயிர்ப்புள்ளி புலிக்கு 37, காட்டுப்பன்றிக்கு 11. மாட்டிக்கொண்ட நேரத்தில் எல்லோருக்கும் பெரிய எண் வேண்டும். அந்த நேரத்தில் பின்கதையைத் தோண்டி எடுப்பதை நான் பல மேசைகளில் பார்த்துவிட்டேன்.

பால்மரத்துக்கிளி
எண்தான் வேண்டுமென்றால் பழுப்புக் கரடியைக் கேட்டிருப்பேன். அதுவும் சவால் மதிப்பு 1தான், 34 புள்ளி, ஒரே முறையில் கடியும் நகமுமாக இரண்டு அடி. முனியம்மா பார்த்த விலங்கு என்று கரடியைப் பின்கதையில் ஒரு வரியில் நுழைத்திருக்கலாம். நான் புலியை எழுதியது அவள் வாழ்க்கையே அந்த இருட்டிலிருந்து தொடங்குவதால்தான்.

தைப்பிங்மழை
சரி, அந்தச் சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிக்கவும். ஆனால் விதி விதிதான்.

கித்தாக்காடு
விதி விதி என்பவர்களிடம் ஒரு கேள்வி. பிறவியிலேயே கண் தெரியாத ஒருவர் டிரூயிட் ஆனால் என்ன செய்வீர்கள்? அவருக்கு வைல்ட் ஷேப்பே கிடையாது என்பீர்களா? எந்த டிஎம்மும் அப்படிச் சொல்ல மாட்டார். ஆக ‘பார்த்த’ என்பதை ‘அறிந்த’ என்று எல்லோரும் ஏற்கெனவே படிக்கிறோம், ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. 2024 புத்தகத்தில் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை; தெரிந்த உருவங்கள் இத்தனை என்று எண்ணிக்கை வைத்துவிட்டார்கள்.

இருபதுமுகம்
கண் தெரியாத டிரூயிட் என்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசி, எதை வைத்து விலங்கை அறிவார் என்று முடிவு செய்வேன். முனியம்மாவுக்குக் கண் இருக்கிறது, அன்று விளக்கு அணைந்திருந்தது. 2024 புத்தகத்தை நாங்கள் ஆடவில்லை.

இன்னொன்று. இரண்டு வாரம் முன்பு எங்கள் மந்திரவாதித் தம்பி மைனர் இல்லூஷன் என்ற மாயத்தோற்ற மந்திரம் போட்டு, ஸ்டோர் வாசலில் ஒரு மரப்பெட்டியின் உருவத்தை வைத்து அதன் பின்னால் ஒளிந்தான். ஐந்தடிக் கன அளவு, அது சரி. உள்ளே எலி பிறாண்டும் சத்தமும் வேண்டும் என்றான். ஒரு முறை போட்டால் சத்தம் அல்லது உருவம், இரண்டும் வராது என்றேன். முகம் சுருங்கினாலும் ஏற்றுக்கொண்டான். அவனுக்கு எழுத்துப்படி, தங்கச்சிக்கு மட்டும் மனசுப்படி என்றால் அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

பால்மரத்துக்கிளி
அண்ணே, அதே ஆட்டத்தில் கங்காணி மீது, யோசனை சொல்லி அதன்படி நடக்கவைக்கும் ‘சஜெஷன்’ மந்திரம் போட்டோமே. சொல்லும் யோசனை நியாயமாகத் தோன்ற வேண்டும் என்று மட்டும்தான் 2014 புத்தகம் சொல்கிறது. ராத்திரிக் காவலை விட்டுவிட்டு லயத்து வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றோம். அவர் மகளுக்குக் காய்ச்சல் என்பதால் நியாயம்தான் என்று நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள். அங்கே மனசுப்படி, இங்கே எழுத்துப்படியா?

இருபதுமுகம்
அங்கே புத்தகமே என் முடிவுக்கு விட்டிருக்கிறது. ‘பார்த்த’ என்பதில் அப்படி விடவில்லை.

செம்பனை_ஓரம்
நான் தோட்டத்தில் பிறந்தவன், இந்த ஆட்டத்தை என் மகன் மூலம் கற்றேன். என் அப்பா புலியைப் பார்த்ததாகச் சொல்வார். துருவிக் கேட்டால், தலைவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னியது, அவ்வளவுதான். உடம்பையோ கோடுகளையோ பார்க்கவில்லை. ஆனால் லயத்தில் ஒருவரும் நீ புலியைப் பார்க்கவில்லை என்று அவரிடம் சொன்னதில்லை. தீபகற்பக் காடுகளில் இப்போது 150 புலிகூட இல்லை என்கிறார்கள். இந்த மண்ணில் புலியை அறிவது என்றால் தடமும் வாடையும் உறுமலும்தான், முழுசாகப் பார்த்தவன் எப்போதுமே குறைவு.

ஆனாலும் டிஎம் தம்பி சொல்வதில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. இன்றைக்கே அவள் புலியாகிவிட்டால், அந்த ஒன்பது வயதுப் பிள்ளை இருட்டில் நின்ற கதை அங்கேயே முடிந்துபோகும்.

கித்தாக்காடு
ஐயா, அது ஆடுபவள் முடிவு செய்ய வேண்டியது. நம் வேலையில்லை.

இருபதுமுகம்
ஐயா சொன்னதை நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் தங்கச்சி, மேட்டு நிரையில் அந்தப் புலி இன்னும் இருக்கிறது என்று நான் என் நோட்டில் முதல் நாளே எழுதியிருக்கிறேன். தேடிப் போனால் கிடைக்கும். எளிதாக இருக்காது. அதன் உருவத்தை ஒரு கணம் கண்ணால் பார்த்தாலும் போதும், அதற்கு மேல் கேட்க மாட்டேன்.

பால்மரத்துக்கிளி
தீர்ப்பு தப்பு என்றுதான் இன்னமும் சொல்வேன். சனிக்கிழமை வருகிறேன். முனியம்மா நேரே மேட்டு நிரைக்குத்தான் போகிறாள், அம்மாவின் விளக்கோடு. இந்த முறை அதை அணைக்க மாட்டாள்.