தேத்தண்ணியும் இரும்பு மாத்திரையும்

(இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷன் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், வாட்ஸ்அப் குழு, செவ்வாய் மாலை. மிஸ்ஸி: குடும்பநல மருத்துவிச்சி. பிள்ளைக் காம்பரா: பிள்ளைகள் காப்பகம்.)

பெரியம்மா, 7ஆம் லயம்: மிஸ்ஸி, நாள் தள்ளிப்போனா 3 மாசம் கழிச்சுத்தான் வெளிய சொல்லணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஒங்ககிட்ட எப்ப சொல்லணும்?

மிஸ்ஸி: கண்ணு படும்னு பயந்தா ஊருக்குச் சொல்ல வேணாம் பெரியம்மா. எனக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ் போடுங்க. 8 வாரத்துக்குள்ள பதியணும். பிள்ளையோட முள்ளந்தண்டு மொத மாசத்துலயே உருவாகுது. அதுக்குத்தான் போலிக் அசிட். கல்யாணம் கட்டுன ஒடனே கேட்டாலே தருவோம்.

மிஸ்ஸி: கடைசியா தீட்டு வந்த மொத நாளைக் கலண்டர்ல குறிச்சு வைங்க. அது தெரியாட்டி பிரசவத் திகதி பிழைச்சிரும்.

தங்கச்சி, 3ஆம் லயம்: மிஸ்ஸி, இரும்பு மாத்திரை ஒழுங்காத்தான் குடிக்கிறேன். ஆனா ரத்தம் ஏறலைன்னு கிளினிக்ல சொன்னாங்க. ஹீமோகுளோபின் 10.2 தான் இருக்கு.

மிஸ்ஸி: 11க்குக் கொறைஞ்சா ரத்தச்சோகைதான் தங்கச்சி. எதோட குடிக்கிறீங்க?

தங்கச்சி: மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகமுந்தி, காலைத் தேத்தண்ணியோட. கல்சியத்தையும் சேர்த்துப் போட்டுக்குவேன்.

மிஸ்ஸி: அங்கதான் பிழை. தேத்தண்ணியில உள்ள சத்து இரும்பப் பிடிச்சுக்கும், ஒடம்புல சேர விடாது. பால் தேத்தண்ணியும் அப்படித்தான். கல்சியமும் இரும்போட போட்டி போடும். அதனால கல்சியம் பகல் சாப்பாட்டுக்குப் பெறகு. இரும்பு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெறகு, விட்டமின் சி மாத்திரையோட, பச்சத்தண்ணியில. அதுக்கு முந்தி 1 மணித்தியாலம், பிந்தி 2 மணித்தியாலம் தேத்தண்ணி வேணாம்.

மிஸ்ஸி: மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. வயித்தப் பெரட்டுதுன்னு நிறைய பேர் நிப்பாட்டிருறாங்க. நிப்பாட்ட முந்தி என்கிட்ட சொல்லுங்க. இன்னொன்னு, நம்ம மலை ஈரத்துக்குக் கடதாசி உறையில வச்சா மாத்திரை நெறம் மாறிரும். மூடி இறுக்கமான போத்தல்ல போட்டு, பிள்ளைங்க கைக்கு எட்டாத எடத்துல வைங்க. சின்னப்பிள்ளை நாலஞ்ச முழுங்கினா நஞ்சு, ஒடனே ஆஸ்பத்திரி.

பிள்ளைக் காம்பரா அக்கா: கிளினிக்ல குடுக்குற திரிபோஷா சத்துமாவையும் சொல்லிருங்க மிஸ்ஸி. 750 கிராம் பக்கெட் ஒன்னு, ஒரு நாளைக்கு 50 கிராம் வீதம் 15 நாளைக்குத்தான். வீட்டுல எல்லாரும் பங்கு போட்டா அஞ்சாறு நாள்ல முடிஞ்சிரும். அது யார் பேருக்கு எழுதுனதோ அவங்களுக்கு மட்டும். அவிச்ச மாதான், தேங்காப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிச்சுக் குடுக்கலாம்.

சின்னண்ணன், 5ஆம் லயம்: மிஸ்ஸி, மகனுக்கு மூணு நாளா இருமல். நாளைக்கு வரும்போது மருந்து கொண்டாறீங்களா?

மிஸ்ஸி: அது என் வேலையில்ல அண்ணே. நோய்க்கு டிஸ்பென்சரி டொக்டர் ஐயா இல்லாட்டி ஆஸ்பத்திரி. மூச்சு வேகமா வாங்குனா, இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழ குழி விழுந்தா, பால் குடிக்காட்டி விடியும்வரை இருக்க வேணாம். 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். டிவிஷன் பேரு, எந்த ரோட்டால வரணும், எங்க திரும்பணும்னு தெளிவாச் சொல்லுங்க. லயத்து வாசலுக்கு வாகனம் ஏறாது, ஒருத்தர் ரோட்டுல டோர்ச்சோட நிக்கணும்.

பெரியம்மா: பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போற பிள்ளைங்களுக்கு?

மிஸ்ஸி: நல்லா கேட்டீங்க, அதுலதான் அதிகம் தவறுது. பிள்ளை பெத்த மொத 10 நாளுக்குள்ள மிஸ்ஸி ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்க்கணும். ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வேற தோட்டத்துக்குப் போனா நான் இங்க கதவத் தட்டிட்டுத் திரும்புவேன், அங்க உள்ள மிஸ்ஸிக்குத் தெரியாது. எந்தத் தோட்டத்துக்குப் போறீங்கன்னு 8ஆம் மாசத்துலயே சொல்லுங்க, அந்தப் பக்கத்துக்கு அறிவிக்கிறேன். ரத்தப்போக்கு கூடுனா, நாத்தம் அடிச்சா, காய்ச்சல் வந்தா, தாங்க முடியாத தலையிடின்னா, நான் வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்க வேணாம்.

பிள்ளைக் காம்பரா அக்கா: நாளைக்குப் பிள்ளைங்களுக்கு நிறுவை. குளிர்னு ஸ்வெட்டர், தொப்பி, காலுக்கு மேஸோடு (சொக்ஸ்) போட்டுக் கொண்டாந்தா நிறை கூடக் காட்டும், உண்மை மறைஞ்சிரும். காம்பராவுலயே கழட்டி நிறுக்கலாம், கதவச் சாத்தி வைக்கிறேன்.

மிஸ்ஸி: தராசை வெறுமையாத் தொங்கவிட்டு, முள்ளு பூச்சியத்துல நிக்குதான்னு நீங்களும் பாருங்க. பிள்ளையோட கார்டுல நிறைக் கோடு பச்சையிலயே இருந்தாலும் மேல ஏறாமப் படுத்துக் கிடந்தா அதுவே எச்சரிக்கை. செம்மஞ்சளுக்கு எறங்குற வரை காத்திருக்க வேணாம்.

சின்னண்ணன்: எத்தனை மணிக்கு அக்கா?

பிள்ளைக் காம்பரா அக்கா: 9 மணி. பிள்ளையோட கார்டை மறக்காதீங்க. 9 மாச ஊசி தவறுன ரெண்டு பிள்ளைங்க வீட்டுக்கும் நான் இப்பவே போய்ச் சொல்லிர்றேன்.