புதுப்பிப்பு: பிள்ளைகளின் அணை கிராஃப்

எங்கள் அம்பை (அம்பாசமுத்திரம்) தெருவில் உள்ள பிள்ளைகளை எதையாவது அளந்து கிராஃப் போட வைக்கணும், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி அணை நீர்மட்டத்தையே எடுத்தோம். தினமும் பேப்பரில் வரும் அடிக்கணக்கை நோட்டில் எழுதி, தாளில் புள்ளி வைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் ஒப்பிடுவது சிரமம். அதனால் முழு மட்டத்தில் எத்தனை சதவீதம் என்று மாற்றினோம். (அணையில் தண்ணீர் தேங்கும் இடம் கீழே குறுகல், மேலே அகலம்; பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் என்று அர்த்தமில்லை. அதைப் புரியவைக்கத்தான் ஒரு புனல் தேவைப்பட்டது!)

மாடியில் நேர்ச்சுவர் டப்பா வைத்து மழையும் அளக்கிறோம். ஜூனில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, அம்பையில சொட்டு விழல, கோடு மட்டும் எப்படி ஏறுது?" மலையைக் காட்டினேன். தென்மேற்குப் பருவமழை அங்கேதான் கொட்டுகிறது, அந்தத் தண்ணீர்தான் அணைக்கு வருகிறது. சரி, அடுத்து நீர்வரத்தையும், அதாவது அணைக்குள் வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்பதையும், சேர்க்கிறோம்.