1938 இத்தாலிய இனச் சட்டங்கள்: ஹிட்லருக்காகப் போட்டதா, முசோலினியின் சொந்தச் சரக்கா?

வைகறை:
இத்தாலியில் முசோலினி தலைமையில் பாசிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தது 1922 அக்டோபரில். யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தது 1938இல். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளும் யூதர்கள் கட்சி உறுப்பினர்களாகவே இருந்தார்கள். தூரின் நகர வங்கியாளர் எத்தோரே ஒவாட்சா, யூத பாசிஸ்டுகளுக்கென்றே 1934இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். முசோலினிக்கு மிக நெருக்கமாக இருந்த மார்கெரிட்டா சர்ஃபாத்தியும் யூதர்தான். மக்கள்தொகையில் யூதர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான். அங்கே போய் திடீரென்று இனவெறி முளைக்கிறதென்றால் பெர்லின் கூட்டணியைத் தவிர வேறு காரணம் இல்லை. 1938 மே மாதம் ஹிட்லர் ரோம் வந்து போனார். ஜூலை 14 அன்று இனக் கொள்கை அறிக்கை பத்திரிகையில் வந்துவிட்டது.

கரிசல்:
தேதி வைத்தே பேசலாம். 1937 ஏப்ரல் 19 தேதியிட்ட 880ஆம் எண் ஆணையை எடுத்துப் பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் காலனிகளில் இத்தாலியர் ஒருவர் உள்ளூர்ப் பெண்ணோடு கணவன் மனைவி போல வாழ்ந்தால் 1 முதல் 5 ஆண்டு வரை சிறை. ஹிட்லர் ரோமுக்கு வருவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே போட்ட இனச் சட்டம் இது. இதை எந்த ஜெர்மானியரும் கேட்கவில்லை. அதற்கும் முன்பு, 1930இல், லிபியாவின் சிரேனைக்காவில் சுமார் ஒரு லட்சம் பேரை ஆடு, ஒட்டகத்தோடு கிளப்பிக்கொண்டுபோய் எல் அகேலா, சுலூக், மக்ரூன் போன்ற இடங்களில் முள்வேலிக்குள் அடைத்தார்கள். இத்தாலிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட உமர் முக்தாரின் போராளிகளுக்குச் சோறும் ஆளும் கிடைக்கக் கூடாது என்பது கணக்கு. எகிப்து எல்லையில் ஏறக்குறைய 270 கி.மீ. கம்பிவேலி போட்டார்கள். மக்கள் மொத்தமும் அழிந்தாலும் இதை நடத்தித்தான் ஆக வேண்டும் என்று ஆளுநர் பதோலியோ தளபதி கிராத்சியானிக்கு எழுதிய கடிதம் 1930 ஜூன் 20 தேதியிட்டது. அப்போது ஹிட்லர் ஆட்சியிலேயே இல்லை.

வைகறை:
காலனிக் கொடுமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனும் பிரான்சும் பெல்ஜியமும் காலனிகளில் இனவெறியோடுதான் நடந்தன. அதனால் 1930களில் அந்த நாடுகள் தங்கள் யூதக் குடிமக்களைப் பள்ளியை விட்டுத் துரத்தவில்லையே. ஆப்பிரிக்காவில் செய்ததை ரோமுக்குக் கொண்டுவர வெளியிலிருந்து ஒரு தள்ளுதல் வேண்டும். அது ஜெர்மனி.

முத்திரைத்தாள்:
தள்ளினார்கள் என்றால் அதற்கு ஒரு காகிதமாவது இருக்க வேண்டும். யூதர் சட்டம் போடு என்று பெர்லின் ரோமிடம் கேட்டதற்கு எந்த ஆவணமும் கிடைக்கவில்லை. சட்டங்களின் உள்ளடக்கத்தைப் பார்த்தாலும் அவை ஜெர்மனியின் 1935 நியூரம்பெர்க் இனச் சட்டங்களின் நகல் இல்லை.

முதலில் நடந்தது கணக்கெடுப்பு, 1938 ஆகஸ்ட் 22 அன்று. உள்துறையில் இனத்துக்கென்றே ஒரு தனி இயக்குநரகம் அமைத்து, நகராட்சி ஊழியர்கள் மூலம் வீடு வீடாகப் படிவம் நிரப்பினார்கள். பெற்றோரில் ஒருவராவது யூதர் என்று கணக்கில் வந்தவர்கள் 58,412 பேர். அதில் யூதர் என்று வகைப்படுத்தியது 46,656 பேரை. அப்போது சட்டம் எதுவும் வந்திருக்கவில்லை. பட்டியல் முந்தியது, யார் யூதர் என்ற வரையறை பிந்தியது.

செப்டம்பர் 5 ஆணையில் மாணவர், ஆசிரியர் எல்லோரும் அரசுப் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளியேற்றம். ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்ட மாணவர்களுக்கு மட்டும் படிப்பை முடிக்க அனுமதி. அடுத்த ஆணையில், 1919 ஜனவரி 1க்குப் பின் குடியுரிமை பெற்ற யூதர்களின் குடியுரிமை ரத்து. வெளிநாட்டு யூதர்கள் ஆறு மாதத்தில் வெளியேற வேண்டும்.

நவம்பர் 17இன் 1728ஆம் எண் ஆணைதான் முதுகெலும்பு. பெற்றோர் இருவரும் யூதர் என்றால், பிள்ளை ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் யூதர். பெற்றோர் இத்தாலியர், ஒருவர் மட்டும் யூதர் என்றால், 1938 அக்டோபர் 1 அன்று பிள்ளை வேறு மதத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யூதர். ‘ஆரியர்’ என்று வகைப்படுத்தப்பட்டவரோடு திருமணம் செல்லாது. ராணுவம், அரசு வேலை, வங்கி, காப்பீட்டு நிறுவனம் எதிலும் யூதர்களுக்கு இடமில்லை. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தை நடத்த முடியாது. 5,000 லிரா மதிப்பீட்டுக்கு மேல் நிலமோ 20,000 லிரா வரி மதிப்புக்கு மேல் கட்டடமோ வைத்துக்கொள்ள முடியாது. வரம்புக்கு மேலானதைப் பிடுங்கி விற்க 1939 பிப்ரவரியில் ஒரு தனி நிறுவனம் தொடங்கினார்கள்.

விதிவிலக்கும் இருந்தது. போரில் மாண்டவரின் குடும்பம், வீரப் பதக்கம் பெற்றவர், 1919–22இலோ 1924இன் இரண்டாம் பாதியிலோ கட்சியில் சேர்ந்தவர் ஆகியோர் மனுப் போடலாம். மனு ஏற்கப்பட்டால் சொத்து தப்பும். அரசு வேலையும் பள்ளியும் அப்போதும் இல்லை. 1939 ஜூலையில் இன்னொரு வழி திறந்தார்கள்: பிறப்புப் பதிவேடு என்ன சொன்னாலும், உள்துறை அமைச்சர் ஒருவரை ‘யூதர் அல்ல’ என்று அறிவிக்கலாம். அதைப் பரிந்துரைக்க நீதிபதிகள் அடங்கிய குழு. லஞ்சம் புகுந்த இடம் இதுதான். தாய் வேறொருவருக்குப் பெற்ற பிள்ளை நான் என்று வாக்குமூலம் கொடுத்துத் தப்பியவர்கள் உண்டு. ஒரு அரசு தன் குடிமக்களை இந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியதைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

கரிசல்:
வைகறை, ‘உள்நாட்டுக்கு வர வெளித் தள்ளுதல் வேண்டும்’ என்றீர்கள். உள்நாட்டில், வடகிழக்கு எல்லையில், ஸ்லாவிய மொழி பேசும் ஸ்லோவேனியர்கள் இருந்தார்களே? திரியெஸ்தே நகரில் அவர்களின் நரோத்னி தோம் பண்பாட்டு மாளிகையை பாசிஸ்டுகள் கொளுத்தியது 1920 ஜூலை 13. ஆட்சிக்கு வருவதற்கு முன்பே. 1923 கல்விச் சீர்திருத்தத்தில் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஸ்லோவேனிய, ஜெர்மன் வழிக் கல்வியை ஒழித்தார்கள். ஒரேயடியாக மூடினால் கலவரம் வரும், வகுப்பு வகுப்பாக மூடினால் வராது என்பது தந்திரம். ஜெர்மன் பேசும் வடக்கு எல்லைப் பகுதியான தென் திரோலில் நிலவறைகளில் ரகசியமாக ஜெர்மன் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். 1927இல் ஸ்லாவியக் குடும்பப் பெயர்களை இத்தாலியமாக்கும் ஆணை திரியெஸ்தே பகுதிக்கும் வந்தது.

இன்னொன்று, விசாரணையே இல்லாத ஊர்க்கடத்தல். 1926 சட்டப்படி மாவட்ட ஆட்சித் தலைவர், அரசு வழக்குரைஞர், காவல் தலைவர், கராபினியேரி (ராணுவக் காவல்படை) அதிகாரி, கட்சிப்படை அதிகாரி உட்கார்ந்து கையெழுத்திட்டால் போதும்; 1 முதல் 5 ஆண்டு தீவில். காலம் முடிந்தால் நீட்டிக்கலாம். அரசியல் எதிரிகளுக்காக வந்த இந்தக் கருவியைத்தான் கத்தானியா காவல் தலைவர் 1939இல் தன்பாலீர்ப்பு ஆண்கள்மீது திருப்பினார். தண்டனைச் சட்டத்தில் அப்படியொரு குற்றமே கிடையாது, அதனால் நீதிமன்றம் போக முடியாது. பிடித்து, மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் அவமானப்படுத்தி, திரேமிதி தீவுக்கூட்டத்தின் சான் தோமினோவில் இறக்கினார்கள். 1940 செப்டம்பர் 11 சுற்றறிக்கையில் ரோமா (ஜிப்சி) மக்களைப் பிடித்து அடைக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு அஞ்ஞோனே, தொசீச்சா முகாம்கள். பெந்தெகொஸ்தே வழிபாட்டை 1935இலேயே ஒரு சுற்றறிக்கையால் தடை செய்திருந்தார்கள்.

கடலோடி:
நான் வைகறை பக்கம். தொடங்கியது யாராக இருந்தாலும், கொலை என்று வந்தபோது இத்தாலியர் கை பின்வாங்கியது. 1942 நவம்பர் முதல் 1943 செப்டம்பர் வரை தென்கிழக்கு பிரான்சில் இத்தாலிய ராணுவப் பகுதி யூதர்களுக்குப் புகலிடமாக இருந்தது. நீஸ் நகரிலிருந்து அவர்களை செயின்ட் மார்தான் வெசூபி போன்ற மலையூர்களுக்கு அனுப்பிப் பாதுகாத்தார்கள். குரோவேஷியாவிலும் ஜெர்மானியர் கேட்டபோது ஒப்படைக்கவில்லை. இத்தாலி யூதர்களில் ஐந்தில் நான்கு பேர் பிழைத்தார்கள். சொந்தக் கொள்கை என்றால் இது எப்படி?

முத்திரைத்தாள்:
குரோவேஷிய யூதர்களை ஒப்படைக்க ஆட்சேபம் இல்லை என்று 1942 ஆகஸ்டில் கையெழுத்திட்டவர் முசோலினி. இழுத்தடித்துத் தடுத்தவர்கள் தளபதிகளும் வெளியுறவு அதிகாரிகளும். அவர்களுக்குரிய பெருமையை ஆட்சியின் கணக்கில் எழுதாதீர்கள். அந்த யூதர்களைப் பிறகு வைத்திருந்த, அட்ரியாட்டிக் கடலின் ரப் தீவிலேயே, அதே ராணுவம் ஸ்லோவேனியக் குடும்பங்களைக் கூடாரங்களில் அடைத்தது. 1942–43 குளிர்காலத்தில் பசியிலும் நோயிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யூதர்களை வைத்திருந்த பகுதியின் நிலைமை அதைவிட எவ்வளவோ மேல். யார்மீது கருணை, யார்மீது இல்லை என்பதை அந்தத் தீவிலேயே பார்க்கலாம்.

கரிசல்:
1943 அக்டோபர் 16, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ரோம். ஜெர்மானியர் ஒரே நாளில் 1,259 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். திரும்பியவர்கள் 16 பேர். தெருத் தெருவாக முகவரியோடு எப்படிப் போனார்கள்? 1938இல் எடுத்துப் புதுப்பித்து வைத்திருந்த பட்டியல் இருந்ததால். நவம்பர் 30 அன்று எல்லா யூதர்களையும் பிடித்து முகாமில் அடைக்க உத்தரவிட்டது, ஜெர்மானியர் ஆதரவில் வட இத்தாலியில் நடந்த முசோலினியின் சாலோ அரசின் உள்துறை. பிழைத்த ஐந்தில் நான்கு பேரைக் காப்பாற்றியது மடங்களும் விவசாயிகளும் சுவிஸ் எல்லையும்.

வைகறை:
1943க்குப் பின் நடந்ததை ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து பிரித்துப் பேச முடியாது. பட்டியல் இத்தாலியருடையது, ரயில் ஜெர்மானியருடையது. முசோலினி 1938இல் மனம் மாறியதற்கு பெர்லின் நட்பு காரணமில்லை என்று நீங்கள் இன்னும் நிறுவவில்லை. ஆணை இல்லாமலே நண்பனுக்குப் பிடித்ததைச் செய்வது அரசியலில் சாதாரணம்.

முத்திரைத்தாள்:
நட்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மானியர் போன பிறகும் நின்ற ஆட்களைப் பாருங்கள். அந்த 1939 இனக் குழுவுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி கயெத்தானோ அத்சாரித்தி, 1957இல் இத்தாலியக் குடியரசின் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே தலைவரானார். பெந்தெகொஸ்தே தடைச் சுற்றறிக்கையை ரத்து செய்தது 1955இல். அதுவரை ஜனநாயக இத்தாலியின் போலீஸ் அதை வைத்து ஜெபக்கூட்டங்களைக் கலைத்துக்கொண்டிருந்தது. இதில் பெர்லின் எங்கே வருகிறது?